சொல்லாமல் சொல்லும் உடல்

வாழ்வையும் மரணத்தையும் ஆடலாலும் கமராவாலும் பேசிய பெண்கள்

வீடியோ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பகுதிப் பெண்களுக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று கலியாண வீடு. மாப்பிள்ளை வந்து இறங்குவதிலிருந்து சஹன் வைத்துச் சாப்பிடுவது வரை எல்லாவற்றையும் பிடித்துத் தரும் வீடியோக்காரர். மற்றது துயர வீடு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்துபோன பின்னர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் கமராவுடன் வந்தவர்கள் பலர். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வரும். கண்ணீர் வந்ததும் கமரா முகத்துக்குக் கிட்ட வரும். அதன்பின் அவர்கள் போய்விடுவார்கள். அந்தப் படம் எங்கே போனது, யார் யார் பார்த்தார்கள் என்பது அழுத ராத்தாமாருக்கும் அக்காமாருக்கும் தெரியாது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை வீடியோ ஒன்று உலகில் உண்டு. அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை. யாரும் நடந்ததை வரிசையாகச் சொல்லுவதுமில்லை. ஒரு கை மண்ணைத் தோண்டும். ஒரு பெண் கடலை நோக்கி நடப்பாள். தரையில் கிடந்த உடல் ஒன்று மிக மெதுவாக எழும். பார்ப்பவர் அதிலிருந்து தாமே பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனை வீடியோக் கலை என்று அழைக்கிறார்கள். ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய வீடியோக் கமராக்கள் 1960களில் விற்பனைக்கு வந்தபின் ஓவியர்களும் ஆடற் கலைஞர்களும் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததே இக்கலை. ஆனால் சினிமாப் படச்சுருளில் இதே வேலையை அதற்கு 20 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் செய்து காட்டிவிட்டாள்.

இக்கலையில் அடிக்கடி வரும் பொருள் வாழ்வும் மரணமும். அதைச் சொல்லுவதற்கு அதிகம் பயன்பட்ட வழிகளில் ஒன்று ஆடல். போரையும் கடலையும் கண்ட எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நடுவில் நின்றுபோன ஆடல்

முதலில் எங்கள் மொழி பேசப்படும் சென்னையிலிருந்து தொடங்குவோம். சந்திரலேகா 1928 இல் மகாராஷ்டிராவில் பிறந்தவர். சட்டப் படிப்பை விட்டுவிட்டு நடனம் கற்கச் சென்னைக்கு வந்தார். எல்லப்பா பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்றார். 1952 இல் அவரது அரங்கேற்றம் நடந்தது. அதில் சேர்ந்த பணம் இராயலசீமாப் பகுதியின் வறட்சி நிவாரணத்துக்கு.

அன்று அவர் ஆடிய ஒரு பாடல் யமுனை ஆற்றைப் பற்றியது. பெண்கள் ஆற்றில் நீராடி நீரை வாரி இறைத்து விளையாடுவதைக் கைகளால் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று பத்திரிகைகளில் பார்த்த படங்கள் மனதுக்குள் வந்தன. வெடித்துக் கிடக்கும் நிலம். சிறு தகரப் பாத்திரங்களோடு தண்ணீருக்காகக் காத்து நிற்கும் மனிதர்களின் நீண்ட வரிசை. தண்ணீரில்லாமல் சாகும் மக்களுக்காகப் பணம் சேர்க்கும் மேடையில் தண்ணீர் பெருகி ஓடுவதாக ஆடுகிறேனே என்ற எண்ணம் வந்ததும் உடல் உறைந்துபோனது. பிற்காலத்தில் இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். கலைக்கும் வாழ்வுக்கும் இடையில் இருக்கும் பிளவை அன்றுதான் கண்டதாகக் கூறுவார்.

பிறகு பல வருடங்கள் அவர் மேடையை விட்டு விலகியிருந்தார். பெண்கள் இயக்கங்களுக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். 1985 இல் 'அங்கிகா' என்ற ஆக்கத்துடன் முழுமையாகத் திரும்பி வந்தபோது, பரதநாட்டியத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் சேர்த்திருந்தார். நகையும் பட்டும் பக்திக் கதையும் இல்லை. உடல் மட்டும் இருந்தது. 2001 இல் மேடையேறிய 'சரீரா' அவரது கடைசிப் பெரிய ஆக்கம். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மட்டுமே ஆடுவார்கள். பெண்ணின் அசைவு நிலத்தில் தொடங்குகிறது. ஒரு முழங்கால் உயருவதற்கு எடுக்கும் நேரத்தில் வேறு நடனங்களில் ஒரு பாட்டே முடிந்துவிடும். அவ்வளவு மெதுவு.

டெல்லியைச் சேர்ந்த ஐன் லால் என்ற பெண் இயக்குநர், இந்த ஆக்கத்தையும் சந்திரலேகாவின் சிந்தனையையும் 2003 இல் 'சரீரா' என்ற பெயரிலேயே படமாக எடுத்தார். 2006 டிசெம்பர் 30 ஆம் திகதி சந்திரலேகா சென்னையில் காலமானார். படம் இருக்கிறது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஓவியம் வரைந்தவர் போனாலும் ஓவியம் சுவரில் இருக்கும். கவி கட்டியவர் போனாலும் கவி வாயில் இருக்கும். ஆடல் அப்படியல்ல. கை கீழே இறங்கியதும் அந்த அசைவு இல்லாமற் போய்விடுகிறது. ஆடலுக்குள்ளேயே சிறு சிறு மரணங்கள் இருக்கின்றன. கமரா அந்தப் போகும் அசைவைப் பிடித்து வைக்கிறது. ஆடலும் கமராவும் சேரும்போது மரணம் என்ற பொருள் தானாகவே உள்ளே வந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

விதவை கடலுக்குள் இறங்கினாள்

மாயா டெரன் 1917 இல் உக்ரேனின் கீவ் நகரில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். தகப்பனார் இறந்தபின் கிடைத்த சிறு பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு பழைய சினிமாக் கமரா ஒன்றை வாங்கினார். பெரிய கம்பனியோ நட்சத்திரங்களோ இல்லை. தானும் நண்பர்களுமே நடிகர்கள். 1943 இலிருந்து அவர் எடுத்த குறும்படங்கள் இன்றும் உலகெங்கும் பாடமாகக் காட்டப்படுகின்றன. 1961 இல், 44 வயதில் அவர் இறந்துவிட்டார்.

1945 இல் எடுத்த மூன்று நிமிட அளவிலான படமொன்றில், டால்லி பீட்டி என்ற கறுப்பின நடனக் கலைஞர் காட்டுக்குள் நின்று காலைத் தூக்குகிறார். அந்தக் கால் கீழே வைக்கப்படும்போது அது ஒரு வீட்டின் அறைக்குள் இருக்கிறது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் காடு வீடாகிவிடுகிறது. மேடையில் இதைச் செய்ய முடியாது. கமராவாலும் வெட்டி ஒட்டும் வேலையாலும்தான் முடியும். ஆனால் ஓர் இரவில் வீட்டை விட்டு ஓடி, விடியும்போது பள்ளிக்கூட முகாமில் விழித்த பெண்ணுக்கு இது புதினமல்ல. அவள் வாழ்வில் அந்த வெட்டு நடந்தே இருக்கிறது.

1946 இல் அவர் எடுத்த 15 நிமிடப் படத்தில் ஓசையே இல்லை. கறுப்பு உடை உடுத்த ஒரு விதவை. அந்தப் பாத்திரத்தை ரீட்டா கிறிஸ்டியானி என்ற நடனக் கலைஞரும் டெரனும் மாறி மாறி ஏற்கிறார்கள். தொடக்கத்தில் ஒருவர் நூலைக் கைகளில் பிடித்திருக்க மற்றவர் உருண்டையாகச் சுற்றுகிறார். மருதமுனைத் தறி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நூல் சுற்றும் கையின் தாளம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு விதவை ஒரு விருந்துக்குள் நுழைகிறாள். கைகொடுப்பவர்கள், கட்டியணைப்பவர்கள், திரும்பி இன்னொருவரைத் தேடுபவர்கள். டெரன் இந்தச் சாதாரண அசைவுகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், இடையில் உறைய வைக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஆடலாக மாறிவிடுகிறது. அங்கே பலர் நடனம் பயின்றவர்களே அல்லர்.

கடைசியில் அவள் ஓடுகிறாள். கடலுக்குள் இறங்குகிறாள். நீருக்குள் தாழ்ந்து போகும்போது படம் நெகட்டிவாக மாறுகிறது. முன்பு ஸ்டூடியோவில் படம் கழுவித் தரும்போது கூடவே தரும் நெகட்டிவ் சுருளில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியுமே, அதேதான். விதவையின் கறுப்பு உடை வெள்ளையாக ஒளிர்கிறது. அவர்கள் நாட்டில் வெள்ளை மணப்பெண்ணின் நிறம். விதவை மணப்பெண்ணாகிவிட்டாள். சாவுக்குள் போனவள் உயிருக்குள் வந்துவிட்டாள்.

எங்கள் கரையில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே வெள்ளைதான் விதவையின் நிறம். இத்தா இருக்கும் முஸ்லிம் பெண்ணும் வெள்ளை உடுத்துவது இந்நாட்டு வழக்கம். தாலி கழற்றிய தமிழ்ப் பெண்ணுக்கும் வெள்ளை. ஜனாஸாவுக்கு உடுத்தும் கபனும் வெள்ளை. ஆகவே இந்தப் படத்தை எங்கள் பெண்ணொருத்தி பார்த்தால், கடலுக்குள் போனவள் மேலும் ஒரு தடவை விதவையானாள் என்றே வாசிக்கக்கூடும். நிறம் மாறிவிட்டால் விதி மாறிவிடுமா என்ற கேள்வி எங்களுக்குத்தான் கூர்மையாகப் படுகிறது.

இத்தா 4 மாதமும் 10 நாளும். அதற்கு ஒரு முடிவு உண்டு. மறுமணத்தை மார்க்கம் தடுக்கவில்லை, அனுமதித்திருக்கிறது. ஊர்வாய்தான் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. தமிழ்ப் பெண்களுக்கோ சட்டத்தில் தடை இல்லை. மங்கல காரியங்களில் முன்னே வரக்கூடாது என்ற எழுதாச் சட்டம் இருக்கிறது. காலம் முடிந்தபிறகும் உடலிலிருந்து வெள்ளையைக் கழற்ற விடாத சமூகத்தின் முன், 1946 இல் ஒரு பெண் 15 நிமிடத்தில் அதைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள்.

பெண்கள் தோண்டிய குழி

ஷிரின் நெஷாத் 1957 இல் ஈரானில் பிறந்த முஸ்லிம் பெண். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும்போது ஈரானில் புரட்சி நடந்தது. பல வருடங்கள் ஊர் திரும்ப முடியவில்லை. 1998 இல் அவர் செய்த வீடியோ ஆக்கத்துக்கு மறு வருடம் இத்தாலியின் வெனிஸ் கலைக் கண்காட்சியில் உயர்ந்த விருது கிடைத்தது.

அவர் 2001 இல் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸுடன் சேர்ந்து செய்த ஆக்கம் ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஓடும். மொரோக்கோ நாட்டின் கடற்கரைப் பட்டினமான எஸ்ஸௌய்ராப் பகுதியில் படம் பிடித்தார். கறுப்பு உடுத்த ஆண்கள் வெள்ளைத் துணியில் சுற்றிய மய்யித்தைத் தோளில் சுமந்து கரையோரமாக நடந்து வருகிறார்கள். வேறோர் இடத்தில் கறுப்பு அங்கி அணிந்த பெண்கள் வட்டமாக மண்டியிட்டு இருக்கிறார்கள். கைகளால் மண்ணைத் தோண்டுகிறார்கள். எல்லா முதுகுகளும் சேர்ந்து குனிந்து சேர்ந்து நிமிர்கின்றன. சற்றுத் தள்ளி ஒரு சிறு பிள்ளை கற்களை அடுக்கி விளையாடுகிறது. இறுதியில் ஆண்கள் பெண்களிடம் வந்து சேர்கிறார்கள். தீ ஒரு கோடாக ஓடி அவர்களைச் சூழ்கிறது.

இதில் யாரும் நாட்டியம் ஆடவில்லை. ஆனால் குனிந்து நிமிரும் முதுகுகளின் ஒழுங்கை ஆடல் என்றே சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்களில் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிடுவது பெண்களே. ஆனால் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஜனாஸா வாசலைத் தாண்டியதும் அவர்களது பங்கு முடிந்துவிடும். நெஷாத் காட்டுவது நடந்த ஒரு மரபை அல்ல. மனதில் நடக்கும் ஒன்றை. வாசலில் நின்றுவிட்ட பெண்ணின் கைகள் மனதுக்குள் மண்ணைத் தொடுகின்றன. இதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். அது என்ன உணர்வு என்பது மட்டும் எங்களுக்கு விளங்கும்.

இன்னோர் உதாரணத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம். நளினி மாலனி 1946 இல் கராச்சியில் பிறந்து, இந்தியப் பிரிவினையால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். 1947 இல் இரு பக்கத்திலும் கடத்தப்பட்டுச் சிதைக்கப்பட்ட பல்லாயிரம் பெண்களை நினைத்து, 2005 இல் ஐந்து திரைகளில் ஒரே நேரத்தில் ஓடும் வீடியோ ஆக்கமொன்றைச் செய்தார். எந்தப் பெண்ணையும் கமராவின் முன் இருத்தி நடந்ததைச் சொல்லச் சொல்லவில்லை. உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெண் உடல்களின் மேல் விழுந்து மறைகின்றன. வெட்கத்தாலும் பயத்தாலும் வாய் திறக்க முடியாத துயரத்துக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

எங்களிடம் இருப்பவை

ஆடல் என்றதும் எங்கள் ஊர்களில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கூடுமா கூடாதா என்பது மார்க்கம் அறிந்தவர்கள் பேச வேண்டிய விடயம். இங்கே சொல்ல வருவது வேறு. மரணத்தின் முன் உடல் எப்படி நிற்கிறது என்பதற்குப் பொருள் இருப்பதை எங்கள் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். ஜனாஸாத் தொழுகையில் ருகூவும் இல்லை, சுஜூதும் இல்லை. நின்ற நிலையிலேயே தொழுது முடிக்கிறோம். அந்த அசையாமைக்கும் பொருள் உண்டு. அது ஆடல் அல்ல. உடலின் நிலையே பேசும் என்பதற்கு அதைவிடக் கண்ணியமான சான்று வேறில்லை.

மகிழ்ச்சியிலும் அப்படித்தான். கலியாண வீடுகளில் பெண்கள் இடும் குரவையில் நாக்கும் தொண்டையும் மூச்சும் சேர்ந்து வேலை செய்கின்றன. கிழக்கு முஸ்லிம் பெண்கள் கட்டிப் பாடிய கவிகள் வயலிலும் அடுப்படியிலும் உடலின் வேலையோடு சேர்ந்து பிறந்தவை. ஆண்களின் களிகம்பும் றபானும் இன்னும் சில இடங்களில் உண்டு. தமிழ்க் கிராமங்களில் ஒப்பாரி சொல்லும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து முன்னும் பின்னும் அசைவார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் ஒரு சபதமும் வனவாசமும் போரும் உடல்களால் நடந்து காட்டப்படுகின்றன. சொல்லுக்கு அப்பாற்பட்டதைச் சொல்ல எங்களிடம் வழிகள் இருந்தே இருக்கின்றன.

அண்மைக் காலத்தில் ஒரு வெள்ளைத் துணி பேசியதையும் மறக்க முடியாது. 2020 இல் கொரோனாவால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசு விதித்தது. அவ்வருடம் டிசெம்பரில் 20 நாள் வயதுடைய ஒரு முஸ்லிம் குழந்தையும் எரிக்கப்பட்டது. அதைப் பொறுக்காத பலர், பல இனத்தவர்களும், கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கோஷம் இல்லை, கல்வீச்சு இல்லை. கபனின் நிறம் மட்டும். துணிகள் அகற்றப்பட்டன, ஆனால் அந்தப் படம் உலகமெங்கும் போனது. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5 ஆம் திகதியிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். துணியால் மட்டும் விதி மாறிற்று என்று சொல்ல முடியாது. பல பக்க அழுத்தங்கள் இருந்தன. ஆனால் நீண்ட பேச்சுக்கள் தொடாத இதயங்களை அந்தத் துணி தொட்டது.

உடல் கிடைக்காத துயரம்

இக்கட்டுரையின் மையம் இங்கேதான். எங்கள் துயரங்களில் பல, உடல் இல்லாத துயரங்கள். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அடக்கஸ்தலம் இருக்கிறது. அடுத்த மாதம் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு எதுவுமில்லை. அந்த வருடங்களில் வயலுக்கும் கடலுக்கும் பயணத்துக்கும் போய்க் காணாமற்போன முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் எதுவுமில்லை. அம்பாறை மாவட்டத்தில் சுனாமி கொண்டுபோன 10,000 க்கும் மேற்பட்டவர்களில் பலரை யாரென்று அறியாமலே ஒன்றாகப் புதைத்தோம். கடல் திருப்பித் தராதவர்களும் உண்டு.

உடல் இல்லையென்றால் குளிப்பாட்ட ஒன்றுமில்லை. கட்டிப்பிடித்து அழ ஒன்றுமில்லை. இத்தாவை எந்த நாளில் தொடங்குவது? எந்தத் திதியில் படைப்பது? 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று எழுதாமலே, அவர் காணாமற்போயிருக்கிறார் என்று காட்டும் சான்றிதழைப் பெற வழி செய்தது. காணியையும் வங்கிக் கணக்கையும் பிள்ளைகளின் அலுவல்களையும் பார்க்க அது உதவும். தேவையானவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் கைகளுக்கு என்ன சான்றிதழ்? செய்ய வேண்டிய கடைசி வேலையைச் செய்யாமல் விட்ட கைகள் அப்படியே காத்திருக்கின்றன.

நெஷாத்தின் பெண்கள் மண் தோண்டுவதும், டெரனின் விதவை கடலுக்குள் இறங்குவதும், சந்திரலேகா தண்ணீரைக் காட்டும் நடுவில் உறைந்து நின்றதும் இதனால்தான் எங்களைத் தொடுகின்றன. நடக்காமல் போன அசைவுக்கு அவை ஓர் இடம் கொடுக்கின்றன. இறந்தவரை அவை கொண்டுவரப் போவதில்லை. நீதியும் தரப்போவதில்லை. ஆனால் துயரத்தைக் கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பெண்ணுக்கு, சொல்லாமலே காட்டும் உரிமை உண்டு என்று அவை சொல்கின்றன.

கமராவுடன் வருபவர்களிடம்

இனிமேலும் ஆட்கள் வருவார்கள். ஆவணப்படக்காரர், மாணவர், தொண்டு நிறுவனத்தார், கலைஞர். நல்ல மனதோடு வருபவர்களே அதிகம். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்:

1. இந்தப் படம் யாருக்காக? எங்கே காட்டப்படும்? இணையத்தில் போடப்படுமா?

2. என் முகம் வர வேண்டுமா? கைகளையோ நிழலையோ மட்டும் எடுக்க முடியுமா?

3. எடுத்து முடித்ததும் எனக்குப் போட்டுக் காட்டுவீர்களா? வேண்டாம் என்று நான் சொல்லும் பகுதியை நீக்குவீர்களா?

4. நாளைக்கு என் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்?

5. இதனால் உங்களுக்கு வருமானம் வந்தால் எங்கள் சங்கத்துக்கு என்ன பங்கு?

இவற்றுக்குப் பதில் சொல்ல விரும்பாதவருக்கு நீங்களும் பதில் சொல்லத் தேவையில்லை. பத்துப் பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் அந்த ஒருவரின் மறுப்பும் மதிக்கப்பட வேண்டும். அழுகை உங்களுடையது.

மாதர் சங்கத்தில் செய்து பார்க்கக்கூடிய ஒன்று

பெரிய கமரா தேவையில்லை. சங்கத்தில் ஒருவரிடம் இருக்கும் கைத்தொலைபேசி போதும். ஐந்தாறு பேர் கூடுங்கள். தொலைபேசியை அசையாமல் ஒரு மேசையில் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த ஒரு வேலையை ஒரு நிமிடம் செய்யுங்கள். நூல் சுற்றலாம், பன்பாய் இழைக்கலாம், மீன் வெட்டலாம், இடியப்பம் பிழியலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம். முகம் வேண்டாம், கைகள் மட்டும். பேச்சும் வேண்டாம். பின்னர் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். தொலைபேசியில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருந்தால் அப்படியும் பாருங்கள். தினமும் செய்யும் வேலை வேறொன்றாகத் தெரியும்.

விரும்பினால் இரண்டாம் சுற்றில், போனவருக்காகச் செய்த, அல்லது செய்ய முடியாமற்போன ஒரு வேலையைக் கைகள் செய்யட்டும். சட்டைக்குப் பொத்தான் பூட்டுவது. சோற்றுப் பார்சல் கட்டுவது. ஒரு பிடி மண் போடுவது. யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை. செய்ய விருப்பமில்லாதவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கையை விட்டுப்போன படம் எங்கு போகும், எப்படி மாற்றப்படும் என்று சொல்ல முடியாத காலம் இது. ஒருவர் அழிக்கச் சொன்னால் உடனே அழித்துவிடுங்கள். ஒருவருக்கு மூச்சு முட்டினாலோ, நடுங்கினாலோ, பழைய காட்சி கண்முன் வந்தாலோ நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள், தனியே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பல நாள் தூக்கமில்லாமல் தவிப்பவர் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துடனும் பேசலாம்.

தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இருந்து இதைச் செய்தால் இன்னும் நல்லது. 1990க்குப் பின் எங்களிடையே வந்த பேச்சில் யார் முதலில் அடித்தது, யார் அதிகம் இழந்தது என்ற கணக்கு எப்போதும் குறுக்கே வந்து நிற்கிறது. அந்தக் கணக்கை ஒரு நாள் பேசித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னர், பேச்சில்லாத ஒரு நிமிடப் படத்தில் பொத்தான் பூட்டும் ஒரு கையைப் பார்க்கும்போது, அது காரைதீவுக் கையா, சாய்ந்தமருதுக் கையா என்று பிரித்தறிய முடியாது. பார்த்தவர் அடுத்த தடவை தன் கையை மேசையில் வைப்பார்.